நிலக்கரியை விட்டதில் முந்தியது யார்? ஜெர்மனியும் பிரிட்டனும்

பசுமை மின்சாரம் என்றாலே எல்லோரும் ஜெர்மனியைத்தான் கைகாட்டுவார்கள். பிரிட்டன் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் 2024 கணக்கைப் பார்த்தால், இரண்டு நாடுகளிலும் பாதி மின்சாரமோ அதற்கு மேலோ காற்று, சூரியன் போன்ற வழிகளில்தான் வந்திருக்கிறது. வித்தியாசம் மீதியில் இருக்கிறது. ஜெர்மனியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். பிரிட்டனோ தன் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃபை 2024 செப்டம்பர் 30-இல் மூடிவிட்டது.

ஜெர்மனிக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். 2000-இல் சான்சலர் (அந்நாட்டுப் பிரதமர்) ஷ்ரோடரின் கூட்டணி அரசு, பசுமைக் கட்சியோடு சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. சூரிய மின்சாரம் தயாரித்துக் கொடுத்தால் 20 ஆண்டுகளுக்கு விலை உறுதி. செலவு மக்களின் கரண்ட் பில்லில் ஏறியது. 2017-இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை போனது. அந்தப் பணத்தை நம்பித்தான் சீனத் தொழிற்சாலைகள் பெருகின, பேனல் விலை சரிந்தது. இன்று நம் மொட்டை மாடிகளில் பேனல் கட்டுபடியாகிறதென்றால், அதில் ஜெர்மானியர் கட்டிய பில்லுக்கும் பங்குண்டு.

அப்புறம்தான் குழப்பம். 2010-இல் அணு உலைகளின் ஆயுளை நீட்டித்த சான்சலர் மெர்க்கல், 2011-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்ததும் நேர் எதிராகத் திரும்பினார். கடைசி மூன்று உலைகளும் 2023 ஏப்ரலில் நின்றன. நிலக்கரிக்கு மட்டும் 2038 வரை அவகாசம்! என்னைக் கேட்டால் வரிசை தலைகீழ். ஆனால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி ஊர்களும் தொழிற்சங்கங்களும் ஓட்டுகளும் இருக்கும்போது அதில் கைவைக்க எந்தக் கட்சிக்குத் துணிச்சல் வரும்? வடக்கின் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகும் லைனுக்கும் பவேரியாவில் எதிர்ப்பு. கோபுரம் வேண்டாம் என்றதால் கேபிளை மண்ணுக்கடியில் புதைக்க முடிவாகி, வேலை பல ஆண்டுகள் இழுத்துவிட்டது.

பிரிட்டனில் வேலையை முடித்தது ஒரு வரிவிதிப்பு. 2013-இல் நிதியமைச்சர் ஆஸ்போர்ன் மின்நிலையங்கள் வெளியிடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார். கஜானாவுக்கும் அதில் வருமானம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2012-இல் சுமார் 40 சதவீதமாக இருந்த நிலக்கரி சில ஆண்டுகளிலேயே படுத்துவிட்டது. சுரங்கங்கள் பெரும்பாலும் முன்பே மூடப்பட்டிருந்ததால் சண்டைக்கு ஆளில்லை. அந்த இடத்தை முதலில் பிடித்தது எரிவாயு. டிராக்ஸ் என்ற மின்நிலையத்தில் எரியும் அமெரிக்க மரத்துகள்கூடப் பசுமைக் கணக்கில்தான் வருகிறது. எனக்கு அது உறுத்துகிறது. பிரதமர் கேமரன் அரசு 2015-இல் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் புதுக் காற்றாலைகளுக்கு ஏறக்குறைய தடையே போட்டது. கடலில் நட்டவைதான் கைகொடுத்தன.

சரி, யாருக்கு மார்க்? புதிதாகக் கட்டியதில் ஜெர்மனி, பழையதைக் கைவிட்டதில் பிரிட்டன். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேலை.

பிரிட்டனில் அதற்குத் துணைநின்ற, கட்சிகளுக்கு இடையிலான ஒற்றுமை இப்போது உடைந்துவிட்டது. ஆட்சிக்கு வந்தால் கார்பனைக் குறைக்கக் கட்டாயப்படுத்தும் 2008 பருவநிலைச் சட்டத்தையே நீக்குவோம் என்று கன்சர்வேட்டிவ் தலைவர் பேடனாக் 2025-இல் அறிவித்தார். ஆனால் கடல் காற்றாலைகள் பலவற்றின் கையில் இருப்பது விலையை உறுதி செய்யும் நீண்டகால ஒப்பந்தங்கள். அந்தச் சட்டம் போனாலும் அவை செல்லும்.