ராஸ் ஸ்டியரிங் பாக்ஸ்: கிட் வந்தது, புஷ் சரியாக வரவில்லை

பழைய ஜீப்பின் ஸ்டியரிங் பாக்ஸுக்கு ரிப்பேர் கிட் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். "வாங்குங்க, ஆனா அதுல இருக்கற புஷ்ஷைத் தூக்கிப் போட்டுடுங்க" என்பதுதான் சுருக்கமான பதில். (புஷ் என்றால் ஷாப்ட் உள்ளே சுற்றும் உலோகக் குழல்.) கோபத்தில் சொன்னது போலத் தெரியும். கோபமும் உண்டுதான், அதற்கான காரணம் கீழே.

பேசுவது போர்க்கால வில்லிஸ் எம்.பி., பழைய சிஜே வரிசை, அவற்றின் வழியில் மஹிந்திரா இங்கே செய்த பழைய ஜீப்புகள் ஆகியவற்றில் வரும் ராஸ் பாக்ஸைப் பற்றி. ஸ்டியரிங் குழாயின் அடியில் திருகு போல் பள்ளம் வெட்டிய வார்ம் இருக்கும், அந்தப் பள்ளத்துக்குள் கூம்பு முனை கொண்ட இரண்டு பின்கள் ஓடும் வகை. வீல் நேராக இருக்கும்போது 12-க்கு 1, இரு ஓரங்களிலும் 14-க்கு 1 என ரேஷியோ மாறும். பவர் இல்லாமலே மலை வளைவில் இவ்வளவு லேசாகத் திரும்பும் பாக்ஸ் அந்தக் காலத்து வண்டிகளில் அபூர்வம். சரியாக அமைந்துவிட்டால் வருஷக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

சரியாக அமைவதில்தான் சிக்கல். அந்தப் பின்களைத் தாங்கி நிற்கும் செக்டர் ஷாப்டின் விட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.225 மி.மீ. நம் ஊர்க் கடைகளிலும் பட்டறைகளிலும் எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு. அதனால் புஷ் 22-க்குக் கடையப்படுகிறது, சீல் 22-க்குக் கிடைக்கிறது. ரப்பர் உதடு என்பதால் சீல் எப்படியோ சமாளிக்கும். 22 மி.மீ. புஷ்ஷுக்குள் 22.225 ஷாப்ட் போகாது. உடனே என்ன நடக்கும்? ஷாப்டை லேத்தில் மாட்டி எமரித் தாளால் தேய்ப்பார்கள். கடினப்படுத்திய மேல்தோல் போய்விடும், வட்டமும் போய்விடும். இல்லையென்றால் புஷ்ஷைக் கண்ணளவில் குடைந்து 22.4 ஆக்கிவிடுவார்கள். புதுப் புஷ் போட்ட அன்றே பழைய ஆட்டம். கிட்டில் வரும் புஷ்ஷும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு ரகம்தான். ஷாப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.03-லிருந்து 0.05 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் சீல் எண்ணெயைப் பிடிக்காது. பின்னும் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.

சாய்ந்து ஓடுவதை மறைக்க எல்லோரும் கை வைப்பது சைடு கவரில் இருக்கும், பின்களைப் பள்ளத்துக்குள் அழுத்தும் ஸ்க்ரூவில். லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்று முடுக்கினால் ஆட்டம் போன மாதிரி இருக்கும். இந்தப் பாக்ஸை இதுவரை அதிகம் கொன்றது அந்தக் கால் சுற்றுதான். வார்மின் பள்ளம் நடுவில் வேண்டுமென்றே இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் வெட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்க்ரூவை அமைப்பது வீல் நேராக இருக்கும்போது மட்டுமே, நடுவைக் கடக்கையில் கைக்குத் தெரியும் அளவு மெல்லிய இழுப்பு இருந்தால் போதும். முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு அங்கே தெரியும் ஆட்டத்தை எடுக்கப் பார்த்தால் நடுவில் பின் நெரிந்து தட்டையாகும், பள்ளமும் தேயும். பிறகு வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

வரிசையும் முக்கியம். பாக்ஸைத் திறக்கும் முன், அதன் அசைவைச் சக்கரங்களின் பக்கம் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எம்.பி., சிஜே-3பி வண்டிகளில் பாதி ஆட்டம் நடுவில் அந்த அசைவைத் திருப்பிவிடும் பெல் கிராங்கின் பின்னிலும், டிராக் லிங்கின் ஸ்ப்ரிங்கிலும்தான் ஒளிந்திருக்கும். பாக்ஸ்தான் குற்றவாளி என்று உறுதியான பிறகு செக்டர் ஷாப்டின் வெளி முனையில் இருக்கும் கையான டிராப் ஆர்முக்கு அடையாளக் கோடு போட்டுப் புல்லர் வைத்து எடுங்கள். சுத்தியலால் தட்டினால் அந்த அடி ஷாப்ட் வழியாக நேரே பின்னுக்கும் வார்முக்கும் போகும்.

இனி பாகங்கள். வார்மும் ஸ்டியரிங் குழாயும் ஒரே துண்டாக வரும். மாடலுக்கு மாடல் நீளம் மாறுவதால் பழையதை டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். இடப்பக்க ஓட்டு, வலப்பக்க ஓட்டு வண்டிகளுக்குப் பள்ளம் சுற்றும் திசை மாறக்கூடும் என்பதால் பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வார்மின் இரு முனைகளிலும் பால்ஸ் ஓடும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் அந்த வார்ம் முடிந்தது. குழி இல்லாவிட்டால் கப்பையும் பால்ஸையும் மாற்றினால் போதும். பால்ஸைத் தேய்ந்ததிலிருந்து அளக்காமல், உள்ளதில் தேயாத ஒன்றை மைக்ரோமீட்டரில் அளந்து, நல்ல பேரிங் கடையில் ஒரே பாக்கெட்டிலிருந்து வாங்குங்கள். எண்ணிக்கையைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள், தரையில் உருண்ட பிறகு எண்ணிப் பயனில்லை.

செக்டர் ஷாப்ட் புதிது கிடைக்கிறது. சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி கஷ்மீரி கேட்டிலும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய ஜீப்புக்கான பாகங்களை இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கே ஏற்றுமதி செய்கிறார்கள், ஆகையால் பஞ்சம் இல்லை. பஞ்சம் அளவுக்குத்தான். கடையிலேயே மூன்று சோதனை செய்துவிடுங்கள். மைக்ரோமீட்டரில் ஷாப்ட் 22.20 மி.மீ.க்குக் கீழே காட்டினால் வேண்டாம். பின் முனையில் அரம் வழுக்க வேண்டும், கடித்தால் இரும்பு இளகலானது. டிராப் ஆர்மைக் கையோடு கொண்டுபோய் ஷாப்ட் முனையின் ஸ்ப்ளைனில் (வெட்டிய பற்களில்) ஏற்றிப் பாருங்கள், கடைசி வரை கையாலேயே இறங்கிவிட்டால் அந்த டேப்பர் தப்பு. வீட்டுக்கு வந்ததும் பின்னுக்கு நீல மை தடவி வார்மில் ஒருமுறை ஓட்டினால் இரண்டு பின்னும் சமமாகத் தொடுகிறதா என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் தொட்டால் சுமை முழுக்க அதன் தலையில்தான்.

பழைய ஷாப்டின் பின்னுக்கு வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. ஸ்டியரிங் விஷயத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். அதைவிடத் தேய்ந்த பின்னைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டு, இ.என். 353 போன்ற இரும்பில் புதிதாகக் கடைந்து, மேல்தோலை மட்டும் கடினப்படுத்தி, கிரைண்ட் செய்து ஏற்றலாம். ஸ்ப்ளைன் அடியில் விரிசல் இல்லை என்று சாயச் சோதனை செய்த ஷாப்டுக்குத்தான் இந்தச் செலவு தகும்.

மறுபடி புஷ். கன்மெட்டல் உருளை வாங்கி, வெளி விட்டத்தை ஹவுசிங் துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. வரை கூடுதலாக வைத்து, உள் விட்டத்தைக் கொஞ்சம் குறைவாக விட்டு, எண்ணெய்க் காடியும் வெட்டச் சொல்லுங்கள். படி வைத்த மேன்ட்ரல் கொண்டு பிரஸ்ஸில் ஏற்ற வேண்டும். ஏறியதும் புஷ் சுருங்கும், அதனால்தான் உள் விட்டத்தை முன்பே முடிக்கக் கூடாது. இரண்டு புஷ்ஷும் ஏறிய பிறகு ஒரே நேர்கோட்டில், துளையை அளவுக்கு முடிக்கும் 7/8 ரீமரை விட்டு எடுங்கள். தனித்தனியாக ரீம் செய்தால் ஒவ்வொன்றிலும் ஷாப்ட் அழகாகச் சுற்றும், இரண்டையும் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். இதை ஒழுங்காகச் செய்யும் லேத்காரர் கிடைத்துவிட்டால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

பொருத்தும்போது சைடு ஸ்க்ரூ முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். மேல் கவர் அடியில் இருக்கும் மெல்லிய தகடான ஷிம்மைக் கூட்டிக் குறைத்து முதலில் வார்ம் பேரிங்கை அமையுங்கள். ஷிம்கள் 2, 3, 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் வரும். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லாமல் இரு விரலில் சுற்றினால் போதும். அதன் பிறகுதான் ஸ்க்ரூ. வண்டியில் ஏற்றும்போது சேஸி போல்ட்டைப் பாதி இறுக்கி, குழாய் டாஷ்போர்டு கிளாம்பில் தானாக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். இழுத்துக் கட்டினால் புதுப் பாக்ஸும் கனமாகவே ஓடும்.

உள்ளே ஊற்ற 140 கியர் ஆயில், கால் லிட்டர் கூட ஆகாது. ஒழுகுகிறது என்று சாதா கிரீஸ் அடைத்தால் வார்ம் அதை ஒதுக்கிவிட்டு உலர்ந்து ஓடும். ஒழுகல் தாங்கவில்லையென்றால் 00 தரக் கூழ் கிரீஸ் பரவாயில்லை, அது திரும்ப வழிந்து வரும்.

வருஷங்கள் ஓடிய பிறகு தீர்ப்பு: பாக்ஸ் அருமை. பவர் ஸ்டியரிங் மாற்றச் சொல்பவர்களிடம் வாதாடவும் தயார். அப்படியிருந்தும் லேத்காரரைத் தேடிப் பிடிக்கப் பொறுமையில்லாத யாருக்கும் இந்த வேலையைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கிட்டுக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் சைடு கவர் பேக்கிங் சரியாக வெட்டியிருந்ததற்காக.