முகாமா, தெருத்தெருவாகவா: காவிரி டெல்டாவில் பெருந்தொற்றுக் காய்ச்சல் தடுப்பூசி

புதிய இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒன்று பரவத் தொடங்கினால், அதற்குப் பொருத்தமான தடுப்பூசி கைக்கு வர ஏறக்குறைய 6 மாதங்கள் பிடிக்கும். 2009 ஜூனில் அப்படிப்பட்ட வைரஸால் வந்த பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே தயாரான தடுப்பூசிகள் 2010-ன் நடுவில்தான் வந்தன, அந்த ஆகஸ்டிலேயே பெருந்தொற்று முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. ஆகவே, வந்த மருந்தை யாருக்கு, எவ்வளவு விரைவில் கொண்டுசேர்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

2021-ல் கொரோனாவுக்கு நடத்தியதுபோன்ற பெருமுகாமுக்கு ஒரு வசதி உண்டு: 10 பேருக்கான குப்பி, திறந்த சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டிய வகையாக இருந்தால், கூட்டம் இருக்கும் இடத்தில் மருந்து வீணாவதில்லை. ஆனால் நடவு நாளில் விடியுமுன்பே வயலுக்குப் போய்விடும் பெண்களும், ஐப்பசி மழையில் திண்ணையை விட்டு இறங்காத முதியவர்களும் அங்கே வருவதில்லை. முதலில் வரிசையில் நிற்பவர்கள் திடமான இளைஞர்களே.

கிராம சுகாதாரச் செவிலியர் தெருவுக்கே போவது மெதுவான வழி. அவருடைய பெட்டியில் 4 ஐஸ் கட்டிகள் இருக்கும். அவற்றை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் ஊசிமருந்து உறைந்து கெட்டுப்போகும் என்பதால், குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும்வரை வெளியே வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட குப்பியைத் திறந்து, தெருவில் 6 பேர்தான் கிடைத்தால் மீதி 4 பேருக்கான மருந்து பாழாகும். இருந்தும், இந்தக் காய்ச்சலால் அதிக ஆபத்துள்ள கர்ப்பிணிகளையும் ஆஸ்துமாக்காரர்களையும் வீட்டுக்கு வீடு அறிந்தவர் அவர்தான் என்பதால், முதல் சுற்றை அவரிடம் ஒப்படைத்து, முகாமை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளுவதே சரி என்பது என் கருத்து. மூக்கில் பீய்ச்சும் மருந்து இந்த வேலையை எளிதாக்கும் என்று தோன்றலாம். ஆனால் அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ், அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாமல் குளிர்பெட்டி நின்றுபோனால் மருந்து கெட்டுவிடும். ஆகவே கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தை மொத்தமாகக் குவிக்காமல், சிறிது சிறிதாக அனுப்புவதே பாதுகாப்பு. தெருத்தெருவாகப் போகும் முறைக்கும் அதுவே பொருந்தும்.

அறுவடைக்குப் பின் வயல் வயலாக வாத்து மேய்த்துச் செல்லும் குடும்பங்கள் எந்த ஊர்ப் பதிவேட்டிலும் நிலையாக இருப்பதில்லை. பறவைக் காய்ச்சலுக்கு மிக அருகில் வாழும் அவர்களை முகாம் அழைப்பு எட்டாது; தாளடி வயலின் வரப்பில், பட்டி போட்ட இடத்திலேயே போய்ப் பார்த்தாக வேண்டும்.