பன்னிரண்டு நாற்காலி அறையில் ஒருவர்: ஆபீஸ் இடத்தை அளக்க எந்தக் கருவி?

"மீட்டிங் ரூமே கிடைக்கலை" என்ற புகார் வராத ஆபீஸ் இருக்கிறதா, தெரியவில்லை. சென்னை ஓஎம்ஆரில் எங்கள் மாடியிலும் அதே பாட்டுதான். காலண்டரைத் திறந்தால் பன்னிரண்டு பேர் உட்காரும் அறை காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை புக் ஆகியிருக்கும். கதவைத் திறந்து பார்த்தால் ஒருத்தர் மட்டும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீட்டிலிருக்கும் டீமோடு பேசிக்கொண்டிருப்பார். ஏசி என்னவோ பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஓடும்.

அட்மின் வேலையில் இருப்பதால், எந்த இடம் எவ்வளவு பயன்படுகிறது என்று அளந்து தருகிறோம் என வருகிறவர்களை நிறையவே சந்தித்திருக்கிறேன். சரக்கு சுற்றிச் சுற்றி நாலு வகைதான்.

முதலாவது ஆக்சஸ் கார்டு. கையிலேயே இருக்கிறது, தனிச்செலவு இல்லை. ஆனால் ஒருத்தர் கார்டு காட்டிக் கதவைப் பிடித்துக்கொள்ள, பின்னாலேயே நாலு பேர் நுழைவதுதான் நம் காலை நேரம். வெளியே போக பல இடங்களில் பட்டனை அழுத்தினால் போதும் என்பதால், எப்போது கிளம்பினார் என்பதும் பதிவாகாது. வாரம் மூன்று நாள் வந்தே ஆகவேண்டும் என்று ஆபீஸ் விதி வந்தபின் இன்னொரு கூத்து: ஸ்வைப் பண்ணி, காபி குடித்து, அடுத்த பஸ்ஸில் வீடு. கார்டை வருகைப் பதிவேடாக்கிய அன்றே அது இடத்தை அளக்கும் வேலைக்கு உதவாமல் போய்விட்டது.

இரண்டாவது காலண்டர் அலசல். மைக்ரோசாஃப்ட் 2015-ல் வோலோமெட்ரிக்ஸ் நிறுவனத்தை வாங்கி, 2017-ல் 'வொர்க்பிளேஸ் அனலிடிக்ஸ்' கொண்டுவந்தது. இப்போது அது வீவா இன்சைட்ஸ். ஒரு டீம் வாரத்தில் எத்தனை மணி நேரம் மீட்டிங்கில் போகிறது, ஒரே கூட்டத்துக்கு எத்தனை பேரை இழுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. அழைப்பு அனுப்பியது தெரியும். அறைக்குள் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பது தெரியாது. டீக்கடை வாசலில் பத்து நிமிஷத்தில் முடிந்த விஷயம் இந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. அதே நிறுவனம் 2020-ல் 'புரொடக்டிவிட்டி ஸ்கோர்' என்று, யார் எந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை ஆள் பெயரோடு காட்டப்போய், எதிர்ப்பு கிளம்பியதும் பெயர்களை எடுத்துவிட்டது.

மூன்றாவது சென்சார். மேஜைக்கு அடியில் ஒட்டும் சின்னப் பெட்டி, உடம்புச் சூட்டின் அசைவைப் பார்க்கும். அசையாமல் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவரைச் சில நேரம் காலி நாற்காலியாகக் கணக்கிட்டுவிடும். 2016 ஜனவரியில் லண்டன் டெலிகிராஃப் பத்திரிகை ஊழியர்கள் ஒரு திங்கள்கிழமை வந்து பார்த்தபோது மேஜைக்கு அடியில் இந்தப் பெட்டிகள் இருந்தன. விஷயம் வெளியே கசிந்து, அன்றைக்கே கழற்றினார்கள். கருவி இடத்தைத்தான் அளந்தது என்று நிர்வாகம் சொல்லலாம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒட்டியபின் யார் நம்புவார்கள்? என்னைக் கேட்டால், மேஜையை விட்டுவிட்டு மீட்டிங் அறை வாசலில் தலை எண்ணும் சென்சார் போதும். எந்த ஆள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நாலாவதுதான் ருசியான கதை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில், பேராசிரியர் அலெக்ஸ் பென்ட்லாண்ட் குழுவில் உருவான கழுத்து பேட்ஜ். அகச்சிவப்பு சென்சார், மைக், புளூடூத், அசைவுமானி எல்லாம் அதற்குள். பேசும் வார்த்தையைப் பதிவு செய்யாது. யார் யாருக்கு எதிரே நின்று மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதைப் பிடிக்கும். ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீஃபன் டர்பனும் இதை வைத்து இரண்டு பெரிய நிறுவனத் தலைமையகங்களில் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். தடுப்புகளை எடுத்துவிட்டுத் திறந்த கூடமாக்கினால் ஆட்கள் கலந்து பேசுவார்கள் என்பதுதானே எல்லா ஆர்க்கிடெக்ட்டும் சொல்வது? நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. பார்வை படுகிற இடத்தில் ஆள் தலையைக் குனிந்துகொள்கிறான்.

மற்ற மூன்று கருவிகளில் எதை வைத்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. கார்டு அதே வருகையைக் காட்டியிருக்கும். மேஜை சென்சாரும் அதே நிரம்பிய நாற்காலிகளைத்தான் காட்டியிருக்கும். ஆனாலும் இந்த பேட்ஜை நான் வாங்கமாட்டேன். சில வாரம், சம்மதித்தவர்கள் மட்டும், வெளி ஆராய்ச்சியாளர் கையில் தரவு என்றால் சரி. ஹெச்ஆர் கையில் நிரந்தரமாக என்றால், மைக் உள்ள ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேனேஜரைப் பற்றி யார் புலம்புவார்கள்?

நாங்கள் செய்தது இன்னும் மலிவு. இரண்டு வாரம், மணிக்கொரு தடவை, செக்யூரிட்டி அண்ணன் ஒரு நோட்டோடு அறை அறையாக எட்டிப் பார்த்துத் தலையை எண்ணினார். பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும். அந்த நோட்டைக் காலண்டரோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெரிய அறையில் மூன்று பேருக்கு மேல் இருந்த மணி நேரங்களை விரல்விட்டு எண்ணலாம். அதை மூன்றாகத் தடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தேன்.

நோட்டில் ஒரு வரி மட்டும் முதலில் புரியவில்லை. இரண்டு வாரமும் செவ்வாய் மூன்று மணி: புக்கிங் இருக்கிறது, தலை பூஜ்யம். தேடிப் பார்த்தால், வாராவாரம் வரும்படி அந்தக் கூட்டத்தைப் போட்டவர் வேலையை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.