நெருக்கமான விறைப்புத் தகடா, தடித்த நடுத்தகடா?

பூநகரிப் பக்கம் ஒரு சிறு பாலத்துக்கு உருக்குக் கர்டர் (பாரத்தைத் தாங்கும் உத்தரம்) வடிவமைத்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. கர்டரின் மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் இணைத்து நிமிர்ந்து நிற்கும் நடுத்தகட்டை 8 மி.மீ தடிப்பில் போட்டு, அது நெளியாதபடி அதன்மேல் நிறுத்தும் விறைப்புத் தகடுகளை நெருக்கமாக ஒட்டுவது ஒன்று. 12 மி.மீ தகடு போட்டு, விறைப்புகளைக் குறைப்பது மற்றது. நாங்கள் 12ஐ எடுத்தோம். வன்னிக் கரையோரத்துக்கு இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பலம் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1200 மி.மீ உயர நடுத்தகட்டை, ஐரோப்பிய உருக்கு வடிவமைப்பு விதித்தொகுப்பான யூரோக்கோட் 3இன் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இடையில் விறைப்பே இல்லாத 12 மி.மீ தகட்டுக்கு, வெட்டு நெளிவின் மாறுநிலைத் தகைப்பு (வெட்டு விசையால் தகடு நெளியத் தொடங்கும் தகைப்பு) ஏறத்தாழ 101 மெகாபாஸ்கல். 8 மி.மீ தகடு அதே தகைப்பை எட்ட வேண்டுமானால் விறைப்புகளை 980 மி.மீ அளவுக்கு நெருக்க வேண்டும். மெல்லிய தகட்டால் மீட்டருக்கு 38 கிலோ உருக்கு மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் விறைப்புக்கான 100 × 10 மி.மீ பட்டைகளை இருபுறமும் ஒட்டும்போது அதில் பாதி போய்விடுகிறது. வெல்டிங் கூலி வேறு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. பூநகரியை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைக்க 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தை, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கடப்பவர்களுக்குக் களப்பின் உப்புக்காற்று தெரியும். விறைப்புத் தகடு கீழ்த்தகட்டைத் தொடும் ஒவ்வொரு இடமும் ஒரு மூலை. அங்கே புழுதி படியும், உப்பு ஊறும், மாரியில் ஈரம் நாட்கணக்கில் நிற்கும். தண்ணீர் வடிய மூலையில் வெட்டிவிடும் துவாரம் சிறிதாக இருந்தால் சேறே அதை அடைத்துவிடும். தீந்தை பூசுபவரின் தூரிகை தட்டையான முகத்தில் தாராளமாக ஓடும். மூலைக்குள் நுனி மட்டுமே தொடும். பட்டையின் கூரிய விளிம்பிலோ பூச்சு தானாகவே மெலியும். கறள் பிடிக்கத் தொடங்குவதும் அங்கேதான். அதைச் சுரண்டி மறுபடி பூசச் சாரம் கட்ட வேண்டும், ஆள் இறங்க வேண்டும். உருக்கில் மிச்சம் பிடித்த பணம் இரண்டாம் பூச்சுக்கே காணாது.

மாங்குளம், வவுனியா போன்ற உள்நிலத்தில், நல்ல வெல்டிங் பட்டறை கிடைத்தால், மெல்லிய தகட்டையும் யோசிக்கலாம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான கர்டரை நான் வடிவமைத்ததில்லை. அந்த அளவில் எடை மிச்சம் மற்றெல்லாவற்றையும் மிஞ்சக்கூடும்.

விறைப்பை முற்றாக விட முடியாது. கர்டர் அமரும் தாங்கிகளின் மேலும், கர்டர்களை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு வரும் இடங்களிலும் அது கட்டாயம் வேண்டும். பிணைப்பு வரும் இடங்களில் உட்புறம் மட்டும் ஒட்டினோம். மூலைத் துவாரத்தை இரண்டு விரல் நுழையும்படி வெட்டச் சொன்னோம்.