மர வேலைக்கு ஏர் அசிஸ்டட் ஏர்லெஸ் பம்பு: சேலம் பட்டறையில் சில வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் பட்டறை சீலநாயக்கன்பட்டி பக்கம். நிலைக்கதவு, கட்டில், கிச்சன் ஷட்டர் எல்லாம் செய்கிறோம். சீலர் (மரத்தின் துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு), என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர், பி.யு. (பாலியூரிதேன்) என வேலைக்குத் தகுந்த பூச்சு ஓடும். கப்பில் பூச்சை ஊற்றிக் காற்றால் அடிக்கும் கப் கன்னை விட்டுவிட்டு 30:1 ஏர் அசிஸ்டட் ஏர்லெஸ் பம்புக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. இது பூச்சை அதிக அழுத்தத்தில் சின்னத் துளை வழியாகத் தள்ளும்; கன்னில் வரும் கொஞ்சம் காற்று அந்தத் தூவலைச் சீராக்கும். வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வாங்கலாம், ஆனால் எக்ஸாஸ்டுக்கும் எர்த்துக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மிச்சத்தில் பம்பைப் பாருங்கள்.

ஃபினிஷ் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழைய கப் கன்னில் பாதிக்கு மேல் பூச்சு காற்றோடு போய்விடும்; இதில் பெரும்பகுதி மரத்தில் உட்காருகிறது. அகலமான கதவுக்கு 411 டிப் (கன்னின் நுனியில் பூச்சு வெளிவரும் துளையுள்ள பாகம்) போடுகிறோம். முதல் எண்ணை இரண்டால் பெருக்கினால் ஒரு அடி தூரத்தில் எத்தனை அங்குலம் விரியும் என்று தெரியும். கடைசி இரண்டு எண்கள் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினொன்று. நாற்காலிக் கால் போன்ற ஒல்லியான சாமானுக்கு 2-இல் தொடங்கும் டிப் போட்டால் வீணாவது குறையும்.

வாங்குகிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது அந்த 30:1 விகிதத்தை. பம்புக்குப் போகும் காற்று 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று மீட்டர் காட்டும். அதை முப்பது மடங்காக்கித்தான் பம்பு பூச்சைத் தள்ளுகிறது, அதாவது ஹோஸுக்குள் 1,200 பி.எஸ்.ஐ. கார் டயரில் இருப்பதே 30, 35தான். மீட்டர் சின்ன எண்ணைக் காட்டுவதால் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குப் பயமே வருவதில்லை. அதனால் மீட்டருக்குப் பக்கத்திலேயே ‘முப்பதால் பெருக்கு’ என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.

இந்த அழுத்தத்தில் டிப்பின் வாயில் விரல் பட்டால் பூச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறை அதைத் தடுக்காது. ஹோஸில் ஊசித்துளை லீக் இருந்து அதைக் கையால் பொத்தினாலும் இதே கதிதான். வெளியே பார்த்தால் முள் குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காமலும் போகலாம். உள்ளே தின்னரும் ரெசினும் சதையைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரும். தயவுசெய்து இதை டி.டி. ஊசி போட்டு முடிக்கும் காயமாக நினைக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் பெயிண்ட் உள்ளே போய்விட்டது என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். என்ன பூச்சு, என்ன தின்னர் என்று டாக்டர் கேட்பார், டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது.

டிப் அடைத்துக்கொள்ளும்போதுதான் கை தானாக நுனிக்குப் போகும். அந்த நேரத்தில் எங்கள் பட்டறையில் வரிசை மாறவே கூடாது. முதலில் ட்ரிகர் லாக், அடுத்து பம்புக்குக் காற்றை நிறுத்துவது. அப்புறம் லாக்கை எடுத்து, எர்த் கொடுத்த இரும்பு வாளிக்குள் ட்ரிகரை அழுத்தி ஹோஸில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை விடுவது. ட்ரெயின் வால்வையும் திறந்துவிடுவது. மறுபடி லாக் போட்ட பிறகுதான் டிப்பைத் தொடலாம். காற்றை நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். அழுத்தத்தை விடாதவரை ஹோஸ் அப்படியே விறைத்துத்தான் இருக்கும். பம்பு கொண்டுவந்து காட்டிய விற்பனையாளர் ஃபினிஷை விதவிதமாகக் காட்டினார், இதை ஒரு முறைகூடச் செய்து காட்டவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான்.

அடுத்து எர்த். பூச்சு டிப் வழியாக வேகமாகப் பாயும்போது மின்னேற்றம் சேரும். பம்பு, மின்னைக் கடத்தும் ஹோஸ், கன், கழுவும் வாளி எல்லாம் ஒரே எர்த்தில் சேர்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிக்குள் தின்னர் அடித்துக் கன் கழுவுகிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. ஒரு சின்னப் பொறி போதும். என்.சி. தின்னரில் பெரும்பாலும் இருக்கும் டொலுவீன், 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். ஏற்காட்டின் டிசம்பர் குளிரே அதற்கு மேல்தான், சேலத்து மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து பக்கத்து அறை ஸ்விட்ச் வரை போகும்.

பூச்சு அடிக்கும் அறையான பூத்தில் காற்று விநாடிக்கு அரை மீட்டர் அளவில் இழுக்கும்படி எக்ஸாஸ்ட் வைத்தோம். மோட்டார் காற்றுப் பாதைக்கு வெளியே இருக்கிறது. ஃபேன் ஓடினால்தான் பம்புக்கும் கன்னுக்கும் காற்றைத் திறக்கும்படி ஒரு சோலனாய்டு வால்வும் (கரண்டில் திறந்து மூடும் வால்வு) உண்டு. கரண்ட் போனாலும் டேங்கில் இருக்கும் காற்றில் பம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், செலவைப் பார்க்காமல் இதை வைக்கச் சொல்வேன். மரத்தில் படாமல் பறக்கும் என்.சி. ஓவர் ஸ்ப்ரே காய்ந்து தூளாகப் படிந்தால் மிக எளிதில் பற்றும். வேறு வகைப் பூச்சின் கழிவோடு கலந்து கிடந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். எங்களிடம் பி.யு. அடிக்கும் நாளுக்கு வேறு ஃபில்டர். கழற்றிய ஃபில்டரும் துடைத்த வேஸ்ட் துணியும் தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்முக்குள் போகும். இழைப்பு வேலையும் உப்புத்தாள் தேய்ப்பதும் தனிக் கொட்டகையில்.

பி.யு. ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலே மூச்சு இழுப்பு வரும். வாசனை வரவில்லையே என்று தைரியம் கொள்ள முடியாது, ஆபத்தான அளவிலும் அதற்கு வாசனை தெரியாது. துணி மாஸ்க்கால் ஒரு பயனும் இல்லை. அடிக்கிறவருக்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடிதான் வாங்கிக் கொடுத்தோம்.

ஏற்காட்டில் ஒரு பங்களாவுக்கு, எஸ்டேட் சில்வர் ஓக்கில் செய்த கதவுகளை அங்கேயே பூசித்தரக் கேட்டார்கள். மூடுபனி இறங்கும் நேரத்தில் லேக்கர் அடித்தால் ஈரம் பிடித்து வெளுத்துவிடும். மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னர் சேர்த்து, வெயில் ஏறிய பிறகுதான் அடித்தோம். கேஸ் சிலிண்டரை மூடி, ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது வீட்டுக்காரருக்கு ஆச்சரியம். ஆனால் குடியிருக்கும் வீட்டில் எவ்வளவு கவனித்தாலும் போதாது. இப்போதெல்லாம் கதவைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து பூசித்தான் திருப்பி ஏற்றுகிறோம்.

பராமரிப்பில் பெரிய தொல்லை இல்லை. பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்தால் பூச்சு கசியும், அந்த இடத்தில் விடும் தொண்டை ஆயிலைத் தினமும் பார்க்க வேண்டும். பெயிண்ட் நீக்கும் மெத்திலீன் குளோரைடு கலவையை மட்டும் பம்புக்குள் விடாதீர்கள். அலுமினியத்தோடு அது வினைபுரிந்து வெடிக்கலாம். மாதம் சில கதவுகள் மட்டும் செய்கிறவர்களுக்கு குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றால் அடிக்கும் நல்ல எச்.வி.எல்.பி. கன்னே போதும், இந்தப் பம்பு தேவையில்லை. தினமும் கதவு அடுக்கி அடிக்கிற பட்டறைக்குத் தாராளமாக வாங்கலாம்.