டிசைன் படிக்கலாம், ஆனால் எந்த டிசைன்? சேலத்துப் பிள்ளைகளுக்கு ஓர் அலசல்

"டிசைன் படிக்கப்போறேன்" என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "நல்லா படம் வரைவியா?" என்பதுதான். அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தினமும் எதோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்பதே முதலில் தெரிய வேண்டும். நூலோடா, உடம்பின் அளவோடா, உலோகத்தோடா, எழுத்தோடா, இல்லை ஆட்கள் தடுமாறி நிற்கும் இடங்களோடா? டிசைன் படிப்புகள் பிரிவது இங்கேதான். இவற்றில் பலவற்றை ஊரை விட்டுப் போகாமலே பார்த்துவிடலாம் என்பது சேலத்தில் இருப்பவர்களுக்குள்ள வசதி.

டெக்ஸ்டைலா, ஃபேஷனா?

அதிகம் பேர் குழம்புவது இந்த இரண்டில். ஃபேஷன் டிசைனருக்குத் துணி கையில் வந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது: வெட்டு, தையல், தோளில் எப்படி உட்காரும், இடுப்பில் எங்கே பிடிக்கும். டெக்ஸ்டைல் டிசைனருக்குத் துணி உருவானதும் வேலை முடிகிறது. சென்னை தரமணியில் உள்ள தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்ட்டிலும் இவை இரண்டும் தனித்தனி நான்காண்டுப் படிப்புகள்.

வித்தியாசம் புரிய, சேலத்தை அடுத்த நெசவு ஊரான இளம்பிள்ளைப் பக்கம் ஒரு தறிக்கூடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். சேலைக்கு ஒரு மாங்காய் புட்டா, அதாவது மாங்காய் வடிவப் பூவேலை, போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாளில் வழுவழுப்பாக வளைந்த மாங்காய், கிராஃபில் ஏற்றியதும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கிராஃபில் ஒரு வரிசை என்பது தறியில் துளையிட்ட ஓர் அட்டை. பூவேலைக்காகத் தறி மேல் வைக்கும் ஜக்கார்டு கருவியில் நூலைத் தூக்க 240 கொக்கிதான் இருக்கிறது என்றால், திரும்பத் திரும்ப வரும் அந்தப் பூவேலையின் அகலம் அதற்குள் அடங்கியாக வேண்டும். வளைவு வளைவாகவே தெரிய எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது? அது முடிந்தால் அடுத்த சிக்கல். ஜரிகை புட்டாவுக்குள் நீளமாகக் கட்டில்லாமல் ஓடினால் நன்றாக மின்னும், ஆனால் வளையலில் மாட்டி இழுத்துக்கொள்ளும். நடுவில் கட்டுப் போட்டால் பிடித்து நிற்கும், மின்னல் குறையும். இந்தப் பேரத்தை நாள் முழுக்க நடத்துவதுதான் டெக்ஸ்டைல் டிசைன். கிராஃப் தாளின் இடத்தில் கம்ப்யூட்டரும் அட்டையின் இடத்தில் எலக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை.

தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஃபேஷன் என்ற பெயருக்காக டெக்ஸ்டைலை ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) என்று மற்றவர்கள் முதலாண்டில் எழுத்துக் கூட்டிப் படிப்பது இவர்களுக்கு வீட்டுப் பேச்சு. திருப்பூர், கரூர், ஈரோடு எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் சொல்லித்தருவது முதன்மையாகத் தொழில்நுட்பம். துணி எப்படி உருவாகிறது என்பதில் ஆர்வம் இருந்தால் அது அருமையான இடம். புதுப்புது வடிவம் யோசிப்பதுதான் ஆசை என்றால் டிசைன் கல்லூரியைப் பார்க்க வேண்டும்.

நகையா, புராடக்டா?

செவ்வாப்பேட்டை வெள்ளிக் கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு எடைதான் விலை. கண்ணியைக் கனமாக வைத்தால் வாங்குபவருக்குக் கட்டுப்படியாகாது, மெலிதாக வைத்தால் அறுந்துவிடும். சேலைக் கரையில் மாட்டக்கூடாது, திருகு தானாகக் கழன்றுவிடவும் கூடாது. சின்ன இடத்துக்குள் இத்தனையையும் பொறுமையாகத் தீர்க்கப் பிடித்தவருக்கு நகை டிசைன் சரிப்படும்.

புராடக்ட் டிசைனுக்கு வீச்சு அதிகம்: நாற்காலி, மிக்ஸி, மருத்துவக் கருவி, பாத்திரம். அமெரிக்க டிசைனர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பைத்தான் வியந்து எழுதினார்கள். எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பிலோ தலையிலோ வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படிச் சாயும் என்று ஒரு சொம்புக்குள் இருக்கும் கேள்விகளை அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய டிசைன் நிறுவனமான என்ஐடி பிறந்தது. எவர்சில்வர் சொம்பை உருட்டிப் பார்த்து இப்படிக் கேள்வி கேட்கத் தோன்றுகிறவர் புராடக்ட் பக்கம் துணிந்து போகலாம்.

இன்டீரியர் பற்றி ஒன்றே ஒன்று: அதைப் படித்தால் ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. அதற்கு ஐந்தாண்டு பி.ஆர்க் படித்து, கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

கிராஃபிக்ஸா, யூஎக்ஸா?

யூஎக்ஸ் என்பது ஆப், இணையதளம் போன்றவற்றைப் பயன்படுத்துபவரின் அனுபவத்தை வடிவமைப்பது. இரண்டும் கம்ப்யூட்டர் முன்னால் நடப்பதால் ஒன்று போலத் தோன்றும். ஏற்காடு மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டத்தில் வண்டி ஓட்டி வருபவர் ஒரே பார்வையில் வளைவுப் பலகையைப் படிக்க வேண்டும். எழுத்து எவ்வளவு தடிமன், இடைவெளி எவ்வளவு, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம்? இது கிராஃபிக் டிசைனரின் வேலை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கே தமிழ் எழுத்து பெரிய பலம். ஆங்கிலத்துக்கு என்று அமைத்த வரி இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரி எழுத்தின் கீழே இறங்கும் கோடு கீழ்வரி எழுத்தின் மேல்சுழியில் இடிக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தத் தெரிந்தவர்களுக்கு இங்கே நிறைய வேலை கிடக்கிறது.

அதே மலையில் ஒருவர் போனில் அறை முன்பதிவு செய்கிறார். பணம் கட்டும்போது சிக்னல் போய்விடுகிறது. பணம் போனதா, அறை கிடைத்ததா, மறுபடி அழுத்தலாமா? அந்த நொடியில் திரை என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பவர் யூஎக்ஸ் டிசைனர். திரைகளை வரைய உதவும் ஃபிக்மா மென்பொருளைக் கற்பது இதில் சுலபமான பகுதி. அதைவிட அதிகம், முன்பின் தெரியாத ஆட்களிடம் பேசி, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று உட்கார்ந்து பார்ப்பது. அதில் சலிப்பு வருகிறவர்கள் சம்பளத்துக்காக மட்டும் போக வேண்டாம் என்பேன்.

அறிவியல் பிரிவு இல்லையே என்று பயப்பட வேண்டியதில்லை. டிசைன் பட்டப்படிப்புக்காக மும்பை ஐஐடி நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வை எந்தப் பிரிவினரும் எழுதலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு வாய்ப்புதான். இடிக்கும் இடம் நாட்காட்டி. யூசீட் வழக்கமாக ஜனவரியில் முடிந்துவிடும், என்ஐடியின் முதல் கட்டத் தேர்வும் அந்தக் குளிர்காலத்திலேயே வரும். மே மாதம் மார்க் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் அந்த ஆண்டுக்கான கதவு மூடியிருக்கும். எனவே பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே தறிக்கூடம், கொலுசுப் பட்டறை, அச்சகம் என்று மூன்றுக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள்.