எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்: வீடியோ இருக்கட்டும், முதலில் வீட்டுப்பாடத் தாளைத் திறங்கள்

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் என்று சொன்னாலே எல்லோருக்கும் வகுப்பு வீடியோக்கள்தான் நினைவுக்கு வரும், அதிலும் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் கரும்பலகையில் லீனியர் அல்ஜீப்ரா (மேட்ரிக்ஸ், வெக்டர் கணிதம்) நடத்துவதைப் பார்க்காத பொறியியல் மாணவர்கள் குறைவு. அருமையான வீடியோக்கள்தான். ஆனால் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தத் தளத்தின் பெரிய சொத்து வீடியோவுக்குப் பக்கத்திலேயே யாரும் தொடாமல் கிடக்கிற வீட்டுப்பாடக் கேள்விகள். பிராப்ளம் செட் என்பார்கள், எம்ஐடி பிள்ளைகள் சுருக்கமாக பிசெட் என்பார்கள். இந்த விமர்சனம் முழுக்க அந்தத் தாள்களைப் பற்றித்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்தான் இந்த எம்ஐடி. அது தன் வகுப்புகளின் பாடப்பொருளை எல்லாம் இணையத்தில் இலவசமாகப் போடப் போகிறோம் என்று 2001 ஏப்ரலில் அறிவித்தது. அடுத்த வருடம் 50 பாடங்களோடு தொடங்கியது, இன்று 2,500க்கும் மேல் இருக்கிறது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், போன் நம்பர் கேட்க மாட்டார்கள், ஓடிபி வராது. தளத்தைத் திறந்து பிடிஎஃபை இறக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தாமல், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் நாமும் திருத்திக் கொடுக்கலாம். அதனால் நான் மாணவர்களுக்குத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும்போது எந்த உறுத்தலும் இல்லை.

பாடங்களுக்கு எண்தான் பெயர். 18 என்றால் கணிதம், 8 இயற்பியல், 6 மின்னியலும் கணினியும், 7 உயிரியல், 14 பொருளாதாரம், 24 மொழியியலும் தத்துவமும். முதலில் கொஞ்சம் குழப்பும், இரண்டு நாளில் பழகிவிடும். தேடும்போது ‘விடையோடு கூடிய பிராப்ளம் செட்’ உள்ள பாடங்களை மட்டும் காட்டு என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. வீடியோ நன்றாக இருந்தும் வீட்டுப்பாடமே இல்லாத பாடங்கள் நிறைய உண்டு என்பதால், அந்த வடிகட்டியைப் போடாமல் உள்ளே போகாதீர்கள்.

சரி, கேள்விகளில் அப்படி என்ன இருக்கிறது? லீனியர் அல்ஜீப்ராவையே எடுத்துக்கொள்வோம், அங்கே அதற்கு எண் 18.06. நம் கல்லூரிகளில் மேட்ரிக்ஸ் யூனிட் என்றால் ஐகன் வேல்யூ கண்டுபிடி, கேலி ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார், குவாட்ராடிக் ஃபார்மைக் கேனானிக்கல் ஃபார்முக்கு மாற்று, இந்த மூன்றையும் பத்து முறை போட்டுப் பார்த்தால் 13 மார்க் கைக்கு வந்துவிடும். ஸ்ட்ராங் பாணிக் கேள்விகள் தலைகீழாக வரும். மேட்ரிக்ஸைக் கொடுத்து எதையாவது கண்டுபிடிக்கச் சொல்வதற்குப் பதில், குணத்தைச் சொல்லிவிட்டு மேட்ரிக்ஸை நீயே கட்டு என்பார். உதாரணத்துக்கு நான் எண்களை மாற்றிச் சொல்கிறேன்: காலம் ஸ்பேஸில் (column space, அதாவது மேட்ரிக்ஸின் நெடுவரிசைகளைப் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் வெக்டர்கள்) (1,1,0), (0,1,1) இரண்டும் இருக்க வேண்டும், நல் ஸ்பேஸில் (null space, மேட்ரிக்ஸால் பெருக்கினால் பூஜ்யமாகிவிடும் வெக்டர்கள்) (1,1,1) இருக்க வேண்டும், அப்படி ஒரு மேட்ரிக்ஸ் கொடு. ரோ ரிடக்‌ஷனை மனப்பாடமாகப் போடுகிற பையன் இங்கே அப்படியே நின்றுவிடுவான், ஏனென்றால் ரிட்யூஸ் பண்ண அவன் கையில் எதுவும் இல்லை. உட்கார்ந்து யோசித்தால்தான் (1,1,1) நல் ஸ்பேஸில் இருப்பது என்றால் மூன்று காலத்தையும் கூட்டினால் பூஜ்யம் வரும் என்பது புரியும். புரிந்த மறு நிமிடம் முதல் இரண்டு காலத்தில் கொடுத்த வெக்டர்களை வைத்து, மூன்றாவதில் (-1,-2,-1) எழுதிவிட்டால் முடிந்தது. கணக்கு இரண்டு வரிதான்.

அதே குடும்பத்தில் இன்னொரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: 3க்கு 3 மேட்ரிக்ஸ் எதற்கும் காலம் ஸ்பேஸும் நல் ஸ்பேஸும் ஒன்றாக இருக்கவே முடியாது, ஏன்? ரேங்க் r என்றால் காலம் ஸ்பேஸின் பரிமாணம் r, நல் ஸ்பேஸின் பரிமாணம் 3-r, இரண்டும் சமமாக வேண்டுமென்றால் r ஒன்றரையாக இருக்க வேண்டும், அது நடக்காது. இதை ஒரு பெண் என் வகுப்பில் தானாகக் கண்டுபிடித்துவிட்டு, “அப்போ 4க்கு 4 என்றால் முடியுமா சார்?” என்று கேட்டாள். முடியும். அந்தக் கேள்வி தாளில் இல்லை, தாள் அவளைக் கேட்க வைத்தது. இதற்காகத்தான் இந்தத் தாள்களை நான் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன்.

அடுத்து 6.042, கணினி அறிவியலுக்கான கணிதம். நம் சிலபஸில் டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ் படிக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது. அங்கே சில கேள்விகளில் தப்பான நிரூபணத்தைக் கொடுத்து, எந்த வரியில் பிசகு என்று துல்லியமாகக் காட்டச் சொல்வார்கள். ஒன்று இப்படிப் போகும்: 3 என்பது 2ஐ விடப் பெரியது. இரண்டு பக்கத்தையும் 10ஐ அடிமானமாகக் கொண்ட லாக் 1/2ஆல் பெருக்கு. லாக் விதிப்படி 3ஐயும் 2ஐயும் அடுக்காக ஏற்று. லாகை எடுத்துவிடு. ஆக 1/8 என்பது 1/4ஐ விடப் பெரியது! பிளஸ் டூ முடித்த யாருக்கும் இதில் உள்ள ஒவ்வொரு விதியும் தெரியும், ஆனாலும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு விழிப்பார்கள். லாக் 1/2 மைனஸ் எண், மைனஸால் பெருக்கினால் சமனின்மைக் குறி திரும்ப வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்னொன்று, 1 சென்ட் = 0.01 டாலர் = (0.1 டாலர்) வர்க்கம் = (10 சென்ட்) வர்க்கம் = 100 சென்ட் = 1 டாலர். இங்கே எண்ணை மட்டும் வர்க்கமாக்கி அலகை மறந்துவிட்டார்கள். இயற்பியல் கணக்கில் அலகு எழுதாமல் விடைக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

இந்தப் பாடத்தில் எனக்கு மரியாதை வந்த இன்னொரு விஷயம், யாரோடு சேர்ந்து போட்டாய், எங்கிருந்து உதவி வாங்கினாய் என்று தாளோடு எழுதித் தரச் சொல்வது. சேர்ந்து படிப்பது குற்றம் இல்லை, மறைப்பதுதான் தப்பு. இங்கே அசைன்மென்ட் என்றால் ஒரு பிள்ளை எழுதும், மற்றவர்கள் வாட்ஸப் குரூப்பில் வந்த போட்டோவைப் பார்த்து இரவோடு இரவாக எழுதித் தள்ளுவார்கள், ஆசிரியரும் பக்கத்தை எண்ணி மார்க் போடுவார். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஐந்து பேப்பருக்கும் ஒரே வாரத்தில் அசைன்மென்ட் கேட்டால், கேட்கிற கேள்வியும் புத்தகத்தில் இருந்து அப்படியே எடுத்ததாக இருந்தால், வேறு என்ன செய்வார்கள்?

காசு கட்டி விடை வாங்கும் தளங்களும் இருக்கின்றன, பெயர் வேண்டாம். என் மாணவன் ஒருவன் அப்படி ஒன்றில் மாதச் சந்தா கட்டி, ப்ராபபிலிட்டி கணக்குக்கு விடை எடுத்து வந்தான். சுருட்டி மடக்கி நாலு பக்கம், படத்தோடு, கலர் கலராக. இரண்டு நிகழ்வும் ஒன்றையொன்று சாராதவை என்று கேள்வி எங்கேயும் சொல்லவில்லை, விடை எழுதியவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கியிருந்தார். அழகாக டைப் அடித்திருந்ததால் பையனுக்குச் சந்தேகமே வரவில்லை. ஓப்பன்கோர்ஸ்வேரில் விடை எழுதுவது பெரும்பாலும் அந்தப் பாடத்தை நடத்தியவர்களே, கேள்வியை உருவாக்கியவர்களே. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பொருளாதாரத்துக்கு 14.01 (நுண்பொருளாதார அறிமுகம்) நன்றாக இருக்கிறது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து சரியா, தவறா, உறுதியாகச் சொல்ல முடியாதா என்று கேட்டு, ஏன் என்று விளக்கச் சொல்லும் வகைக் கேள்விகள் அதில் உண்டு. ‘விலை ஏறினால் அந்தப் பொருளுக்கு மக்கள் செலவழிக்கும் மொத்தப் பணமும் ஏறும்’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் என்று வையுங்கள். உப்புக்குச் சரியாக இருக்கலாம், சினிமா டிக்கெட்டுக்கு இருக்காது, தேவை எவ்வளவு நெகிழ்கிறது என்பதைப் பொறுத்தது. வெறும் சரி, தவறு என்று எழுதினால் ஒன்றும் தேறாது. பி.ஏ. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள், யுபிஎஸ்சிக்குத் தயாராகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன்.

உயிரியலில் 7.01எஸ்சி (எஸ்சி என்றால் ஸ்காலர், தனியாகப் படிக்கிறவர்களுக்கான வடிவம்). வம்சாவளிப் படத்தைக் கொடுத்து இந்த நோய் எப்படிக் கடத்தப்படுகிறது, அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பது போன்ற கேள்விகள், நீட் பயிற்சியில் இருந்து வருகிறவர்களுக்குப் பழக்கமானவைதான், ஆனால் இங்கே நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது, காரணம் எழுத வேண்டும்.

இலக்கியம், வரலாறு, தத்துவம் பக்கம் போனால் ஏமாற்றம்தான். கட்டுரைத் தலைப்பும், எத்தனை பக்கம் என்ற குறிப்பும் இருக்கும், படிக்க வேண்டிய நூல்கள் பலவும் பதிப்புரிமையில் இருப்பதால் கிடைக்காது. நாம் எழுதியதைத் திருத்த ஆள் இல்லாமல் அந்தக் கேள்விகளால் பெரிய பயன் இல்லை.

விடைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல பாடங்களில் கேள்வி ஒரு பிடிஎஃப், விடை தனிப் பிடிஎஃப். இரண்டையும் சேர்த்து இறக்கினால் கை தானாக விடைக்குப் போகும், அதனால் நான் மாணவர்களுக்குக் கேள்வித் தாளை மட்டும்தான் தருகிறேன், அவர்கள் ஏதாவது எழுதிக் காட்டிய பிறகே விடை, தப்பாக எழுதியிருந்தாலும் பரவாயில்லை. எண்ணோடு எஸ்சி என்று முடியும் பாடங்கள் தனியாகப் படிக்கிறவர்களுக்காகவே 2011இலிருந்து வந்தவை. 18.01எஸ்சி (கால்குலஸ்), 18.06எஸ்சி இரண்டிலும் உதவி ஆசிரியர்கள் ஒரு கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, இப்போது வீடியோவை நிறுத்தி நீங்களே போட்டுப் பாருங்கள், பிறகு வாருங்கள் என்பார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தாமல் பார்ப்பது, அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நமக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பது மாதிரி.

குறைகள் உண்டு. விடையே இல்லாத பாடங்கள் பல. சில பாடங்களில் பாடப்புத்தகத்தின் இந்தப் பகுதியில் இந்த எண் கணக்குகள் என்று மட்டும் போட்டிருக்கும், அந்தப் புத்தகம் கையில் இல்லை என்றால் எண்ணை வைத்து என்ன செய்வது? பழைய பாடங்களில் விடை கையால் எழுதி ஸ்கேன் செய்தது, போனில் படிக்கக் கண் வலிக்கும். சந்தேகம் கேட்க ஆள் கிடையாது, அவர்களே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். சான்றிதழும் கிடையாது. அப்புறம் எல்லாம் ஆங்கிலம், அதுவும் வாக்கியமாக எழுதிய கேள்விகள். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்குக் கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் போகிறது. இது சின்னத் தடை இல்லை. நான் கேள்வியைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தாளைக் கொடுக்கிறேன், அதற்கே பாதிப் பயம் போய்விடுகிறது.

என்பிடெல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துகிற என்பிடெல்லில் வாராவாரம் அசைன்மென்ட், கெடு தேதி, கேட்க ஃபோரம், கடைசியில் தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரிக்கு 25, தேர்வுக்கு 75. கெடு இருந்தால்தான் படிப்பேன் என்கிறவர்களுக்கு அதுதான் சரி, கல்லூரியில் கிரெடிட்டும் வாங்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கானோரின் விடையைக் கணினியே திருத்த வேண்டியிருப்பதால் பெரும்பாலும் கொடுத்த விடைகளில் தேர்ந்தெடு, அல்லது எண்ணை நிரப்பு என்ற வகையில்தான் கேள்வி அமையும். நிரூபி, கட்டிக் காட்டு, ஏன் முடியாது என்று சொல் போன்ற கேள்விகளை அப்படித் திருத்த முடியாது. இரண்டையும் சேர்த்து எடுங்கள்: பாடத்தை என்பிடெல்லில் கேளுங்கள், சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தந்த வாரத் தலைப்புக்கு இங்கிருந்து ஒரு தாளை எடுத்துப் போடுங்கள்.

தொடங்குகிறவர்கள் நேராக 18.06க்குப் போக வேண்டாம், கால்குலஸ் ஆட்டம் கண்டிருந்தால் 18.01எஸ்சி எடுங்கள். அது தெம்பாக இருந்தால் 6.042இன் தப்பான நிரூபணக் கேள்விகள், அவற்றுக்கு முன்தயாரிப்பு எதுவும் வேண்டாம். நெட் சரியாக வராத இடத்தில் இருப்பவர்கள், பாடம் முழுவதையும் ஜிப் கோப்பாக இறக்கும் பொத்தான் பாடத்தின் பக்கத்திலேயே இருக்கிறது, கல்லூரி வைஃபையில் ஒருமுறை இறக்கிக்கொண்டால் வீட்டில் நெட் தேவையில்லை, வீடியோக்களை மட்டும் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். ஒரு தாளை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், அங்கே படிக்கிறவர்களுக்கே அது ஒரு வார வேலை. கூடப் படிக்கிற இருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாட்டிக்கொண்ட கேள்வியை இங்கே கீழே எழுதுங்கள், கணக்கு என்றால் என்னால் முடிந்த வரை தமிழில் விளக்குகிறேன், விடையைச் சொல்லாமல்.